கழுவிய வாளிகள்

இரவு, நாள் 1. 07:00

கழிவு எரிவாயு நிலையம், நிலாவின் தென்முனைக் குடியிருப்பு. பதிவிடுபவர்: ஜெசிந்தா ராயப்பன், பொறுப்புப் பொறியாளர்.

நேற்று சூரியன் இறங்கியது. இனிப் பதினான்கு நாள் இருட்டு. அதுவரை நூற்றறுபது பேருக்கும் வெப்பம், அவர்கள் கொட்டும் சமையல் கழிவிலிருந்து நான் எடுக்கும் வாயுதான். தொட்டி 37 பாகை. அழுத்தம் சரி. வெடித்தால் ஊர் தப்ப வேண்டும் என்பதால் நிலையம் தனியாக இருக்கிறது. நடுவே ஒரு சுரங்கப்பாதை. நிலையம் என் கணவர் ராயப்பன் கட்டியது. அவர் போனபின் நான் நடத்துகிறேன். குறை சொல்ல யாருக்கும் இடம் வைத்ததில்லை.

இன்று வந்த வாளிகளில் ஒன்றுகூட நாறவில்லை. மைக்கில் பாராட்டினேன். அழுக்கு வாளிகளைத் தொடர்ந்து திருப்பி அனுப்பியதன் பலன். கன்னியர் மடத்துப் பள்ளியில் எங்கள் நகங்களைத் தினமும் சோதித்தார்கள். அதனால் யாரும் செத்துவிடவில்லை.

நாள் 2. 06:30

வாயு சற்றுக் குறைவு. தொட்டி புளிக்கிறது. சுண்ணாம்பு சேர்த்தேன். அழுத்தமானியைச் சந்தேகித்து மாற்றினேன். மானி சரி.

நாள் 3. 05:40

வாயு பாதி. கழிவு விழும் வாய்க்குள் தலையை விட்டு முகர்ந்தேன். எழுபத்தொரு வயதில் செய்யும் வேலையல்ல. அழுகல் நாற்றம் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவின் வாசனை.

பினாயில்.

கட்டுப்பாட்டு அறை இசக்கிராஜை அழைத்தேன். சமையற்கூடம் நடத்தும் செல்லக்கனியை அவன் மைக்கின் முன் நிறுத்தினான்.

"வாளி நாறுதுன்னு நீங்கதான மிஸ் திருப்பி அனுப்புனீங்க? சும்மா தண்ணியில கழுவுனா அந்த வாட போவுமா? ஆளுக்கு ஒரு மூடி பினாயில் ஊத்துனோம். எங்க வாளிய மைக்குல புகழ்ந்தீங்கல்லா, அன்னைக்கி நான் ரெண்டு மூடி."

அலசிய தண்ணீரை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"தண்ணிய வீணாக்கப்படாதுன்னு சொன்னதும் நீங்கதான. குப்பையோடயே சேத்து ஊத்திட்டோம்."

பினாயில் கிருமியைக் கொல்லும். என் தொட்டிக்கு உயிரே கிருமிதான்.

நாள் 4. 09:15

பெரிய தொட்டி செத்துவிட்டது. எல்லோரும் உணவுக்கூடத்தில் ஒன்றாகப் படுத்தால், சேமிப்பு வாயு பத்தாம் நாள் வரை வரும். அதன்பின் உறைந்துபோவார்கள்.

மிச்சம் இருப்பது சிறிய நாற்றுத் தொட்டி. ராயப்பன் காலத்தில் எடுத்துவைத்த கிருமி விதைக் குழம்பு, வாளித் தண்ணீர் படாதது. ஊட்டி வளர்த்தால் கூடத்துக்கு மட்டும் விடியும்வரை ஈடுகொடுக்கலாம். மின்சாரம் ஒரு வெப்பமூட்டிக்குத்தான் உண்டு. என் அறையிலிருந்து பிடுங்கித் தொட்டிக்கு மாட்டினேன். கலக்கும் மோட்டார் ஓடாது. கையால் சுற்ற வேண்டும், விடாமல்.

இசக்கிராஜ்: "மிஸ், சொரங்கத்து ஹீட்டர நிறுத்தப் போறோம். பொறவு கதவு ஒறஞ்சிரும், வெயில் வந்தாத்தான் தொறக்க முடியும். வந்துருங்க, ஒங்களக் கும்பிடுதேன். எளவட்டம் யாரையாச்சும் அங்க அனுப்புதேன்."

அனுப்பினால் திருப்பி அனுப்புவேன் என்றேன். கதவை மூடச் சொன்னேன்.

நாள் 8. 14:00

சுவரில் பனி. என் சாப்பாட்டைத் தொட்டிக்குக் கொடுக்கிறேன்: சோறு, பிஸ்கட், பால்பொடி. நான் பாதி, அது பாதி. இன்று நீலச் சுடர் வந்தது. சத்தமாக ஸ்தோத்திரம் சொன்னேன். கையெழுத்து கோணுகிறது. மன்னிக்கவும்.

நாள் 11

சேமிப்பு தீர்ந்தது. இனி நாற்றுத் தொட்டி மட்டும். சோறு முழுவதும் அதற்கே. கலக்கும் கை எது என்று சில நேரம் தெரியவில்லை.

செல்லக்கனி: "மிஸ், கூடம் கதகதன்னு இருக்கு. கேக்குதா? கூடத்துக்குக் கொண்டாந்தது தீந்துட்டு, காய்த் தோலக்கூட விடாம தின்னுட்டோம். வாளியில போட ஒரு பருக்க கெடையாது. பினாயில் இல்லாமலே சுத்தமா இருக்கு, பாத்துக்கிடுங்க. ஏசவாவது செய்ங்க மிஸ். சத்தமே இல்லையே."

பதில் சொன்னேன். மைக்கை அழுத்த விரல் வரவில்லை.

நாள் 13

மணி தெரியவில்லை. சுடர் சிறிது. நாளை வெயில்.

கதவைத் திறந்ததும் நாற்றுத் தொட்டிக்கு ஊட்டவும். பட்டினியில் அது செத்தால் அடுத்த இரவு எல்லோரும். உங்களிடம் கழிவு இல்லை. இங்கே பினாயில் படாத, சுத்தமான கழிவு ஒன்று இருக்கிறது. பிரித்து எழுதிவைக்கிறேன், இல்லையென்றால் குழப்பிவிடுவீர்கள்.

மூக்குக் கண்ணாடி, கண்ணாடிக் கழிவு. இடுப்பெலும்பில் வைத்த எஃகு, உலோகக் கழிவு. மோதிரமும் உலோகம்தான். ராயப்பன் கல்லறைக்குப் பக்கத்தில் இடம் கேட்டிருந்தேன், ரத்து. புடவை பருத்தி, ஈரக் கழிவு. மற்றதும் ஈரக்

செல்லக்கனி ஊர் வழக்கம் என்று குளிப்பாட்ட வருவாள். விடாதீர்கள்

கழுவ வேண்டாம்