இரண்டு மணி நேரம் தள்ளிவைத்த கடிகாரம்

அன்பு மகள் ஜோலீனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும், இந்த வருஷம் பிறந்த எண்பத்திரண்டு கன்றுகளும் சுகம். போர்ட்லாந்து மழையில் நீயும் மாப்பிள்ளை நேட்டும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

போன தடவை போனில் நீ சொன்னது என் நெஞ்சிலேயே நின்றுவிட்டது. அப்பாவும் லைல் சித்தப்பாவும் பேசிக்கொள்ளாவிட்டால் பண்ணையில் கல்யாணமே வேண்டாம், இங்கேயே பதிவு செய்துகொள்கிறோம் என்றாயே, உன்னைக் குறை சொல்ல மாட்டேன். ஒருவர் ஒரு மூலையிலும் மற்றவர் இன்னொரு மூலையிலும் முறைத்துக்கொண்டு நின்றால் யாருக்குக் கேக் இறங்கும். நம் கவுண்டி, இந்த மாவட்டம் முழுக்க, ஓரிகன் மாநிலத்தை விட்டுப் பிரிந்து பக்கத்து மாநிலம் இடாஹோவோடு சேர வேண்டும் என்று அப்பா வாசலில் பலகை நட்ட நாளிலிருந்து ஏழு மாதமாகப் பேச்சு இல்லை. ஓநாயையே பார்த்திராத நகரத்துக்காரர்கள், கன்றைத் தின்னும் ஓநாயைச் சுடக் கூடாது என்று சட்டம் போடுகிறார்கள் என்பது அப்பாவின் கட்சி. இடாஹோவுக்குப் போனால் இங்கே இல்லாத வரி, சோப்பு வாங்கினாலும் கட்ட வேண்டும், ஆள்கிறவன் பிடிக்கவில்லை என்பதற்காகப் பிறந்த மாநிலத்தை விடுவதா என்பது சித்தப்பாவின் கட்சி. அவரும் ஒரு பலகை நட்டார், அப்பாவுடையதைவிட ஓர் அடி பெரியது, அதுதான் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

பலகை போதாதென்று மார்ச்சில் கோடை நேரத்துக்காக ஊரெல்லாம் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவைத்தபோது உன் அப்பா இரண்டு மணி தள்ளிவைத்தார், நமக்கு ஒரு மணி முந்திப் போகும் இடாஹோ நேரமாம். "அவங்க எப்ப வேணா முடிவு பண்ணட்டும், நான் இப்பவே போயிட்டேன்" என்றார். அடுப்பில் இருக்கும் கடிகாரத்தை மட்டும் ஊரோடு ஒரு மணி தள்ளிவைத்து, அவரைத் தொடவிடவில்லை, அதனால் என் சமையலறை இன்னும் ஓரிகன்தான்.

போன சனிக்கிழமை கன்றுகளுக்குப் பண்ணை அடையாளச் சூடு போட்டோம். உனக்குத் தெரியும், அன்றைக்கு யாரையும் கெஞ்சிக் கூப்பிட வேண்டியதில்லை, நேரத்தைச் சொன்னால் அக்கம்பக்கம் குதிரையும் கயிறுமாக வந்துவிடும், வரவில்லை என்றால் உறவு முடிந்தது என்று அர்த்தம். அப்பா எல்லோருக்கும் போன் போட்டு ஏழு மணி என்றார், யாருடைய ஏழு என்று சொல்லவில்லை. சித்தப்பாவுக்கு மட்டும் போடவில்லை. சனிக்கிழமை இவருடைய ஏழு மணிக்குத் தொழுவத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. சமையலறை வாசலில் வந்து நின்று, "பாத்தியா வெர்னா, ஒரு பலகைக்காக ஊரே என்னைத் தள்ளி வச்சிருச்சு" என்றார். என் அடுப்பில் ஆறுதான் ஆகியிருந்தது. சிரிக்கலாம் என்று திரும்பினால் மனிதருக்குக் கண் கலங்கியிருக்கிறது. தாத்தாவை அடக்கம் செய்த அன்றைக்குப் பிறகு நான் அதைப் பார்த்ததில்லை.

அப்போதுதான் ஒரு வண்டிச் சத்தம் கேட்டது. பின்னால் குதிரையை ஏற்றிக்கொண்டு உன் சித்தப்பா. இறங்கினதும் இறங்காததுமாக, "என்னண்ணே, உன் ஊர்ல ஏழு அடிச்சு அஞ்சு நிமிசம் ஆச்சு, இன்னும் பொம்பளைகிட்டப் பேசிட்டு நிக்கிற" என்றார். உனக்கு யாருடா சொன்னது என்று அப்பா கேட்டதற்கு, "மணி ஏழுன்னு ஊர்ல சொன்னாங்க, எந்த ஏழுன்னு எனக்கா தெரியாது, உன் வீம்போடதான வளந்தேன்" என்றார். பிரியக் கூடாது என்று ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருக்கும் மனிதர்தான் கவுண்டியிலேயே இடாஹோ நேரத்துக்கு வந்த ஒரே ஆள். மற்றவர்கள் ஒரு மணி நேரம் கழித்துச் சாவகாசமாக வந்தபோது இவர்கள் பத்துக் கன்றை முடித்துவிட்டு, கயிறு வீசத் தெரியாதவன் நீ, நீ என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் காதில் விழ எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா. மத்தியானம் பீன்ஸும் வாட்டின இறைச்சியும் போதவே இல்லை, நான் சுட்ட ருபார்ப் இனிப்புப் பலகாரத்தில் சித்தப்பா மட்டும் மூன்று துண்டு.

நேற்று இருவரும் கவுண்டி பிரிவதா வேண்டாமா என்ற ஓட்டுச்சீட்டைப் பெட்டியில் போட ஒரே வண்டியில் நாற்பது மைல் போனார்கள். ஒருத்தர் ஓட்டை இன்னொருத்தர் ஓட்டு அடித்துவிடும், பேசாமல் வீட்டிலேயே இருங்கள், டீசலாவது மிச்சமாகும் என்றேன். "இவனை ஜெயிக்க விட்ருவேனா" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். கவுண்டி எந்தப் பக்கம் சாயுமோ, சாய்ந்தாலும் தலைநகரில் யார் காது கொடுப்பார்களோ, அதெல்லாம் எனக்குத் தெரியாது.

திரும்பி வந்ததும் அப்பா தொப்பியைக் கூடக் கழற்றாமல் என் எதிரில் உட்கார்ந்தார். வழியில் சித்தப்பா, "எனக்குப் பொண்ணு இல்லண்ணே, கல்யாணத்துல ஜோலீனை நீ கையப் புடிச்சுக் கூட்டிட்டு வர்றப்ப இன்னொரு கைய நான் புடிச்சுக்கட்டுமா" என்று கேட்டாராம். பேசினால் அழுதுவிடுவேன் என்று இவர் பத்து மைல் பயந்துகொண்டே வந்தாராம். பிறகு சரிடா என்றாராம். உடனே உனக்கு எழுதச் சொன்னார்.

ஆகவே கண்ணு, கல்யாணம் பண்ணையில்தான். மலைப்பாதையில் வரும்போது மாற்றுச் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று நேட்டைப் பார்க்கச் சொல். நீங்கள் இருவரும் சண்டை போட்டாலும் ஒரே வண்டியில் போய் வருகிறவர்களாக நெடுநாள் வாழ வேண்டும்.

மறந்துவிடாதே, கவுனுக்குக் கை அகலமாகத் தைக்கச் சொல், இந்த இரண்டு பேரும் இறுக்கிப் பிடிப்பார்கள்.

உன் அம்மா,
வெர்னா