மறியல் வாரத்து நடை

செப்டம்பர், செவ்வாய்
ராத்திரி மழை, காலையில் புழுக்கம். பாண்டியில் ஸ்கேன் பார்த்து வந்தது நேற்று. எழுத மனம் வரவில்லை. ஈரலில் கொழுப்பு. டாக்டர் மாத்திரை தரவில்லை. தினமும் வேக நடை. வனஸ்பதி கூடாது, பொரித்த எண்ணெயை மறுபடி ஊற்றக் கூடாது. கடலை எண்ணெய் அளவாக. கவனிக்காமல் விட்டால் ஈரல் இறுகிப் போகலாம் என்றார். அக்காவின் வீங்கிய வயிறுதான் வழியெல்லாம் கண்முன். அவளைக் கொண்டுபோனதும் ஈரல்தான்.

"சரி பண்ணலாம்னு சொன்னாரு இல்ல, அதையே புடிச்சிக்க," என்றார் என் வீட்டுக்காரர்.

புதன்
எல்லோருக்கும் ஒரே குழம்பு. எண்ணெய் கரண்டியால் அளந்து. ஜவுளிக்கடைக்காரன் வீட்டில் இப்படியா சமையல் என்று மாமியார் முணுமுணுத்தார். தட்டு மட்டும் காலி.
நடைதான் சிக்கல். கல்யாணமாகி வந்தபின் காரியமில்லாமல் தெருவில் நடந்ததே இல்லை. மொட்டை மாடியில் சுற்றினேன். தலைசுற்றல்.

வியாழன்
இட ஒதுக்கீடு கேட்டு மறியல். பஸ் இல்லை, கடை இல்லை. விடிகாலை பஜ்ர் தொழுதுவிட்டு வந்த இவர், "ரோடு காலியா கெடக்குது. செருப்பு போடு," என்றார். மாமி வாய் திறக்குமுன் வாசலைத் தாண்டிவிட்டோம்.
தியாகதுருகம் ரோட்டில் வெட்டிப் போட்ட புளியமரம் குறுக்கே. அதன்மேல் ஆட்கள். திரும்பிவிடலாம் என்றேன். ஒருவர் நம் கடையில் வேட்டி வாங்குபவர். எங்கே என்று கேட்டார். டாக்டர் நடக்கச் சொன்னதை இவர் சொன்னார். அவரே எழுந்து கிளையை ஒதுக்கிப் பிடித்தார்.

"அந்தாண்ட குத்தும்மா. இப்டி வாங்க."

பெயர்கூடத் தெரியாத மனிதர். நல்லா இருக்கட்டும்.

அக்டோபர், வெள்ளி
பஸ் ஓடத் தொடங்கி, ரோட்டில் கூட்டமும் திரும்பிவிட்டது. என் நடை நிற்கவில்லை. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.
இன்று துணி மூட்டையோடு கரியாலூர் போனவர் என்னையும் கூட்டிப்போனார். கல்வராயன் மலைக்கு முதல் தடவை. மேட்டில் ஏறி, மூச்சு வாங்கி, நின்று, மறுபடி ஏறி. நம்மிடம் துணி வாங்கும் வீட்டில் சாமைச் சோறு, கீரை. பெயருக்குத்தான் எண்ணெய். இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். அல்ஹம்துலில்லாஹ்.

ஜனவரி, புதன்
பனி. மறுபடி பாண்டி. டாக்டர் பழைய ஸ்கேனையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கொழுப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது, நடையை விடாதீர்கள் என்றார். இவர் வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்றார்.
வீட்டில் மாமி கதவருகிலேயே நின்றிருந்தார். காலையிலிருந்து சாப்பிடவில்லையாம். சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு:

"நாளைக்கு நானும் வர்றேன். மெதுவா நட."