ஜூபிலி என்ற பெயர்

டொலீடோ, ஒஹையோ
ஜூலை 9, 2011

அன்புள்ள ஒலீட்டா அக்காவுக்கு,

உடம்பு தேவலையா? அந்த மறுவாழ்வு இல்லத்தில் முதல் மூன்று மாதம் போனே கிடையாதாமே, அநியாயம்! இவ்வளவு நல்ல சேதியைக் கத்திச் சொல்ல முடியாமல் எழுத வேண்டியிருக்கிறது. நர்சிங் படிப்புக்கு விண்ணப்பம் போட்டுவிட்டேன்!

அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்க இரண்டு வருஷம் வரிசையில் நிற்கணும். இது தனியார் கல்லூரி. சலவைக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் இருக்கிறது, சிரிக்காதே. ஒரே வருஷப் படிப்பு. அட்மிஷன் பார்க்கிற டெலோரஸ் அம்மா காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் போன் பண்ணி, "நீ பொறந்ததே நர்ஸாகத்தான் கண்ணு" என்கிறாள். எத்தனை பேரிடம் சொன்னாளோ! நுழைவுத் தேர்வில் எண்பத்தொன்று வாங்கினேன்.

முதியோர் இல்லத்தில் ஒன்பது வருஷம் மலச்சட்டி எடுத்தது போதும் அக்கா. இனி மாத்திரை நான் கொடுப்பேன், ஊசி நான் போடுவேன். போலீஸ் ரெக்கார்டு பார்ப்பது மட்டும் பாக்கி. அதற்கென்ன, ஒரு டிராஃபிக் சீட்டுகூட வாங்காதவள் நான்.

உன் தங்கை,
மார்வா

*

கொலம்பஸ்
ஜூலை 16

என் செல்ல மார்வாவுக்கு,

சாப்பாட்டு மேஜையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், என் தங்கச்சி நர்ஸாகப் போறாள் என்று. நான் குடியும் மாத்திரையும் இல்லாமல் ஐம்பத்திரண்டு நாள் ஆகிறது. கெசையாவை என்னிடம் திருப்பித் தருவது பற்றி ஆகஸ்ட் 30 அன்று நீதிபதி முடிவு சொல்வார். நான் பெற்ற ஏழு வயதுப் பிள்ளை, அரசாங்கம் ஒப்படைத்த யார் வீட்டிலோ தூங்குகிறாள்.

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. அந்த மாதிரிக் கல்லூரிகள் சரியில்லை என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கிற வேலைக்கு என்ன குறை? பழைய காகிதங்களையெல்லாம் கிளறுகிற இடம் நமக்கு எதற்கு? நன்றாக யோசி.

முத்தங்களுடன்,
ஒலீட்டா

*

டொலீடோ
ஜூலை 27

அக்கா,

என் பேரில் வாரண்ட் இருக்கிறது! இரண்டு வருஷத்துக்கு முன்னால் லைமா ஊர் மருந்துக் கடையில் வலி மாத்திரை திருடினேனாம். என் பெயர், என் பிறந்த தேதி. பிடித்து, கைரேகை எடுத்து, கோர்ட் தேதி கொடுத்து அனுப்பினார்களாம். அன்று நான் கோர்ட்டுக்கே வரவில்லையாம், அதனால் வாரண்ட். நான் லைமாவில் காலே வைத்ததில்லை. "எவளோ திருடி என் பேரைச் சொல்லியிருக்கா!" என்று டெலோரஸ் முன்னால் கத்திவிட்டேன்.

அவள் அசரவே இல்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு, நீ கையெழுத்தப் போடு. படிச்சு முடிச்சு நர்ஸ் லைசென்ஸுக்குப் போறப்ப பாத்துக்கலாம்" என்றாள். எங்கள் தலைமை நர்ஸ் பக்கெட் அம்மாவிடம் கேட்டேன். "அடி பைத்தியமே, மாத்திரை திருடினவள்னு பேர் இருந்தா லைசென்ஸ் போர்டு வாசல்லயே நிக்க விடாது. காசு வாங்கறவளுக்கு அதப்பத்தி என்ன கவலை?" என்றார்.

வீட்டுக்கு வந்து அந்தப் போலீஸ் ரெக்கார்டுக் காகிதத்தைத் திரும்பப் படித்தேன். பெயர் இருக்கிற இடத்தில் மார்வா ஜூபிலி டேட் என்று இருந்தது. டேட் நம் குடும்பப் பெயர், சரி.

என் பிறப்புச் சான்றிதழில் ஜூபிலி இல்லை. டிரைவிங் லைசென்ஸில் இல்லை, எதிலும் இல்லை. ஞானஸ்நானத்தன்று அம்மா வைத்த பெயர் அது, வீட்டோடு சரி. அம்மா போய்விட்டாள். வேறு யாருக்குத் தெரியும்? நீயே சொல்.

இல்லை என்று ஒரு வார்த்தை எழுது. நம்புகிறேன்.

மார்வா

*

கொலம்பஸ்
ஆகஸ்ட் 2

மார்வா,

நான்தான்.

என் பேரில் ஏற்கெனவே இரண்டு கேஸ். மூன்றாவது என்றால் அன்றே கெசையாவைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். வாயில் உன் பெயர் வந்துவிட்டது. "முழுப் பேரச் சொல்லு!" என்று அந்தப் போலீஸ்காரன் அதட்டினான். அம்மா கூப்பிடுகிற மாதிரியே சொல்லிவிட்டேன். தினமும் உன்னிடம் சொல்ல நினைத்தேன். பயம்.

உன் காலில் விழுந்து கேட்கிறேன். ஆகஸ்ட் 30 வரை பொறு. அதற்கு முன்னால் இது வெளியே வந்தால் பிள்ளை எனக்குக் கிடைக்கமாட்டாள். வகுப்பு ஜனவரியிலும் தொடங்குமே. அதற்குள் நானே போய் ஒப்புக்கொள்கிறேன், சத்தியமாக. எனக்காக எத்தனையோ தடவை பொறுத்தவள் நீ.

உன் அக்கா

*

டொலீடோ
ஆகஸ்ட் 20

ஒலீட்டாவுக்கு,

உன் கடிதத்தை லைமா நீதிமன்றத்தில் கொடுத்துவிட்டேன். அன்று எடுத்த கைரேகையோடு என் கைரேகையை ஒத்துப் பார்த்து, வழக்கிலிருந்து என் பெயரை நீக்கிவிட்டார்கள். இனி உன்னைத் தேடி வருவார்கள். முன்கூட்டியே தெரிந்துகொள் என்றுதான் எழுதுகிறேன்.

நீ ஜனவரி என்று எழுதிய வரியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த வாரண்டோடு என்னை யாராவது தெருவில் நிறுத்தியிருந்தால்? விலங்கு மாட்டியிருந்தால்? அதை நினைத்து நீ ஒரு வரி எழுதவில்லை. இரண்டு வருஷம் என் வீட்டுக்கு வந்து, என் கையால் சாப்பிட்டுவிட்டுப் போனாய்.

திங்கட்கிழமை வகுப்பு. அதே கல்லூரிதான். இந்த வருஷம் என்னை எடுக்க வேறு ஆளில்லை. ஒவ்வொரு காகிதத்தையும் பக்கெட் அம்மாவிடம் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

குழந்தைகள் நல அலுவலகத்துக்கும் போனேன். என் பெயரில் குற்றமில்லை என்றானபின் கெசையாவை என்னிடம் விடச் சம்மதித்தார்கள். நேற்று வந்துவிட்டாள். சோபாவில் படுத்துக்கொண்டு, "சித்தி, அம்மா எப்ப வரும்?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

அவளுக்கு எழுது. வாரம் தவறாமல் எழுது, நான் படித்துக் காட்டுகிறேன். எனக்கு எழுதாதே.

மார்வா டேட்