வறண்ட காற்று என்று நம்பாதே

செல்ல மகள் யூட் மெய்க்கு அம்மா எழுதுவது. கருணைத் தெய்வம் குவான்யின் தாயார் தயவில் நீயும் மாப்பிள்ளையும் அந்த வின்னிபெக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நம் ஊர் சீஹுயில் எல்லாரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உன் அண்ணன் கம் சுன்னுக்கு மூக்குக்குப் பின்னால் இருந்த புற்றுக்கட்டி எலும்புக்கும் ஈரலுக்கும் போய்விட்டது, இனி கரண்டு வைத்தும் பயனில்லை, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். கஞ்சியை வடிகட்டித்தான் கொடுக்கிறேன், அதுவும் இறங்கவில்லை. "அம்மா, இதுல உப்பு போட்டியா, இல்ல அதையும் மிச்சம் பிடிச்சிட்டியா" என்று நேற்றுகூடக் கேலி செய்தான். போட்டிருந்தேன், அவன் நாக்குக்குத்தான் ருசி செத்துவிட்டது.

நீ போனில், மூக்கில் ரத்தம் வருகிறது, ஒரு காது அடைத்திருக்கிறது, ஹீட்டர் காற்றின் வறட்சி என்று டாக்டர் சொன்னார் என்றாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். அண்ணனுக்கும் இப்படித்தான் தொடங்கியது, நாமும் உடம்புச் சூடு என்று கசப்புத் தேநீர் காய்ச்சிக் காய்ச்சிக் கொடுத்தோம். எங்கள் எச்சிலைப் பரிசோதனைக்கு எடுக்க வந்த ஆராய்ச்சி டாக்டரம்மாவிடம் விடாமல் கேட்டேன். இந்தக் கட்டிக்குக் காரணமான வைரஸ் உலகத்தில் அநேகமாக எல்லார் உடம்பிலும் உண்டாம், நம் பக்கத்து வகையில்தான் மரபணுவில் சில எழுத்துகள் மாறிக் கிடக்கின்றனவாம், அதுதான் ஆகாததாம். அண்ணன் கட்டியில் இருந்ததும் என் வாயில் இருப்பதும் ஒன்றே. "பயப்படாதீங்க அக்கா, இதை வச்சிருக்கிறவங்க நிறையப் பேரு நல்லாத்தான் இருக்காங்க" என்றாள். ஆனால் சோற்றை மென்று அவனுக்கு ஊட்டிய வாய்தான் உனக்கும் ஊட்டியது. "பொண்ணாவது தப்பிச்சாளே, அந்த ஊரு தண்ணியே வேற" என்று உன் அப்பா நீ விமானம் ஏறிய நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். தவழும் வயதில் வாங்கியதை நீ கூடவே கொண்டுபோயிருப்பாய் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன். அந்த ஊர் டாக்டர் இந்த நோயைப் பார்த்தே இருக்க மாட்டார். நான் இந்த நோய் அதிகம் உள்ள சீஹுயில் பிறந்தவள், அண்ணனுக்கு வந்திருக்கிறது, மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பாருங்கள் என்று சொல். சிரித்தால் சிரிக்கட்டும், நாற்காலியை விட்டு எழுந்திருக்காதே. தினமும் அண்ணன் பெயருக்கு மூன்று ஊதுபத்தி, உன் பெயருக்கு மூன்று ஏற்றிக்கொண்டிருந்தேன். "எனக்கு ஏத்துறது வீண் செலவும்மா, தங்கச்சிக்கு மாத்திவிடு" என்றான். இன்று காலை ஆறையும் உனக்கே ஏற்றினேன். அவன் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

குவான்யின் தாயார் உன்னையாவது விட்டுவைக்கட்டும். மறக்காதே, காதுக்குக் கீழே கழுத்தைத் தடவிப் பார். ஏதாவது தட்டுப்பட்டால் அப்பாவிடம் சொல்லாதே, என்னிடம் மட்டும் சொல்.

உன் அம்மா,
லியோங் ஸௌ கிங்