உன் வேட்டியில் ஒட்டிய போஸ்டர்

என் அருமைப் பகையாளி ஏகாம்பரம் மச்சானுக்கு,

இதை நானேதான் எழுதுகிறேன். மருமகள் தேவி அடுப்படியில் இருக்கிறாள். எழுத்து மறந்தால் மட்டும் கூப்பிட்டுக் கேட்பேன். நாளுக்கு நாலைந்து வரிதான் வருகிறது. வரட்டும், எனக்கு அவசரமில்லை. உனக்கும் இனிமேல் என்ன அவசரம்?

முதலில் சண்டையைப் போட்டுவிடுகிறேன். நீ செத்துப்போனது சரியில்லை. நான் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டதே உன் முகத்துக்கு நேராக நின்று ஒரு போஸ்டரைப் படித்துக் காட்டத்தான். கொம்பும் காலும் போட்டுப் பழகிக்கொண்டிருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாய். தோற்கப்போகிறவன் ஆட்டத்தைக் கலைத்துவிட்டு எழுந்து போவதுபோலப் போனாய்.

டெண்டுக் கொட்டகைக்கு போஸ்டர் ஒட்டினாய். படம் மாறியதும் மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தாய். கொட்டகை போன பிறகும் பொன்னேரி, எளாவூர் என்று பழைய கடைகளில் தேடி அலைந்தாய். கிழிந்ததையெல்லாம் ஒட்டிவைத்தாய். அதெல்லாம் சரி. அதில் ஒரே ஒரு போஸ்டரைத்தானே கேட்டேன்? கல்யாணமான வாரம் உன் தங்கச்சியும் நானும் பார்த்த படம். கதாநாயகி இடுப்பில் குடத்தோடு நிற்பாள். உன் தங்கச்சி கண்ணை மூடிய பிறகு, அதை என் வீட்டுச் சுவரில் மாட்ட ஆசைப்பட்டேன். டீக்கடையில் அத்தனை பேர் நடுவில் நீ என்ன சொன்னாய்?

"வலை கிழிஞ்சா நீ தெச்சுக்கோ மாப்ள. இது எழுத்துப் போட்ட காயிதம். தலகீழா ஒட்டிட்டு குந்தினிருப்பே."

எல்லாரும் சிரித்தார்கள். அன்று சாயங்காலமே தேவியிடம் சிலேட்டு கேட்டேன்.

அதோடு விட்டாயா? படுக்கையில் கிடக்கும்போதும், உன் பாய் தலையணையோடு போஸ்டர் பெட்டியையும் முகத்துவாரத்தில் விட்டுவிடச் சொல்லியிருக்கிறாய். என் கைக்குப் போகக் கூடாதாம். கருமாதி முடிந்ததும் உன் பெண்டாட்டி சரோஜா எல்லாவற்றையும் என் படகில்தான் ஏற்றினாள். பாயை விட்டேன். தலையணையை விட்டேன். பெட்டியை மட்டும் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். கரையில் சரோஜா நின்றிருந்தாள். பெட்டியை வெயிலில் வைக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

திறந்து பார்த்தால், மழைத் தண்ணீர் இறங்கி எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல்லாகக் கிடக்கிறது. இதையா பூட்டிக் காவல் காத்தாய்?

நாம் ஏரிக்காரர்கள். எதை நனைப்பதென்றாலும் கால் தானாக ஏரிக்குத்தான் போகும். ஏரித் தண்ணீரிலேயே ஊறவைத்தேன். நன்றாகப் பிரிந்தது, நிழலில் காய்ந்தது. கடல் காற்று திரும்பியதும் காகிதமெல்லாம் வேர்த்துவிட்டது. உப்பு. நம் ஏரிதான் பாதிக் கடலாயிற்றே. பசை நிற்கவேயில்லை. ஐப்பசி பிறந்தால் உன் போஸ்டர்கள் ஏன் பிசுபிசுத்தன என்று அப்போதுதான் புரிந்தது. நீயும் ஏரியில்தானே நனைத்தாய்? இத்தனை வருஷமாக மைதாவைத் திட்டிக்கொண்டிருந்தாயே மச்சான்.

மறுபடியும் கேன் தண்ணீரில் அலசினேன். தேவி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஊரே கொடத்தத் தூக்கினு லாரிக்கு நிக்குது. நீங்க குடிக்கிற தண்ணில சினிமாக்காரியக் குளிப்பாட்டுறீங்களா மாமா?"

பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்து பசை காய்ச்சினேன். பின்பக்கம் ஒட்டத் துணி வேண்டும் என்றதும் சரோஜா உன் வேட்டியைக் கொடுத்தாள். கல்யாணம் காட்சிக்கு மட்டும் கட்டுவாயே, கரை போட்டது, அதேதான். அதைக் கிழிக்கும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

துண்டு துண்டாகப் பிரிந்திருந்த குடத்துக்காரி போஸ்டரை எழுத்தைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தேன். படத்தின் பெயர், நடித்தவர்கள் பெயர், கீழே பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர். ஒன்றுகூடத் தலைகீழாக இல்லை. சுவரில் மாட்டி, சரோஜாவைக் கூப்பிட்டு நிற்கவைத்து, மேலிருந்து கீழே வரைக்கும் வாய்விட்டுப் படித்தேன். உன் காதில் விழுந்ததா?

சரோஜா கிட்டே போய் உற்றுப் பார்த்தாள்.

"எழுத்தெல்லாம் நேராத்தான் கீதுண்ணா. அந்தம்மா இன்னா, ஆம்பள வாட்சு கட்டினு கீது?"

குடத்தைப் பிடித்திருந்த கை, அடியில் ஒட்டிக் கிடந்த வேறு போஸ்டரின் கதாநாயகனுடையது. முழுக்கைச் சட்டையும் வாட்சுமாக இருந்தது. எழுத்தைத் தேடிய கண்ணுக்குக் கை தெரியவில்லை.

சரோஜா முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். முடியாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். உன்னோடு வாழ்ந்த காலத்தில் அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மறுநாள் மீன் விற்றுவிட்டு வரும் வழியில் மறுபடியும் எட்டிப் பார்த்தாள், சிரித்துவிட்டுப் போனாள். இப்போது தினமும் வருகிறாள்.

சரியான கை மிச்சத் துண்டுகளில் கிடைத்துவிட்டது. வளையல் போட்ட கை. அதை மாற்றி ஒட்டப்போவதில்லை. நீயாக இருந்தால் அன்றைக்கே மாற்றியிருப்பாய். உனக்கு போஸ்டர்தான் முக்கியம்.

பெட்டியில் மீதி இருப்பதையும் நல்ல தண்ணீரில் பிரித்து ஒவ்வொன்றாக ஒட்டுவேன். உன் வேட்டி இன்னும் பாதி இருக்கிறது. ஒட்டியதையெல்லாம் உன் போட்டோவுக்கு எதிரே மாட்டி, சத்தம் போட்டுப் படிப்பேன். குறுக்கே பேச உன்னால் முடியாது. ஆனால் அந்தக் குடத்துக்காரி, சரோஜா சிரிக்கிற வரைக்கும் வாட்சோடுதான் இருப்பாள். இது சத்தியம்.

இப்படிக்கு,
உன் தங்கச்சி புருஷன் கஜேந்திரன்.
இது கையெழுத்து. கைநாட்டு இல்லை.