பாதம் கழுவும் பட்டியல்

சேசு மரி சூசை

நொச்சிக்குப்பம்
7-3-1932

அன்புள்ள அண்ணன் சுவாமியாருக்குத் தங்கை லூர்துமேரி தெண்டனிட்டு எழுதுவது.

பெரிய வியாழனன்று, சேசுநாதர் அப்போஸ்தலர்களுக்குச் செய்ததுபோல, நீங்கள் பாதம் கழுவப்போகிற பன்னிரண்டு பேரின் பெயரை நேற்றுப் பூசையில் வாசித்தீர்கள். போன வாரம் வாசித்ததில் என் வீட்டுக்காரர் லாசர் இருந்தார், நேற்று இல்லை. என் முகத்தைக்கூடப் பார்க்காமல் வண்டி ஏறிவிட்டீர்கள். கள்ளுக்கடை மறியலில் காங்கிரஸ்காரர்களோடு நின்றதுதானே குற்றம்? குடியை விடுங்கள் என்று தவசுகாலம் தொடங்கியதிலிருந்து பிரசங்கம் வைக்கிறவர் நீங்கள். அதைத்தான் அவர் கடை வாசலில் சொன்னார். உங்களுக்குக் கூசவில்லையா?

லூர்துமேரி

ஆதம்பாக்கம்
10-3-1932

பிரிய தங்கைக்கு ஆசீர்வாதம்.

பிரசங்கம் வேறு, மறியல் வேறு. கோயில் ஆத்துமத்தைப் பார்க்கட்டும். சர்க்காரோடு மல்லுக்கு நிற்பது நம் வேலையில்லை. குப்பத்துப் பள்ளிக்கூடமே அவர்கள் மானியத்தில்தான் நடக்கிறது. மேலிடத்து உத்தரவு, நான் என்ன செய்ய? ஒரு வருஷம் உட்காராவிட்டால் குடி முழுகிவிடாது. மாப்பிள்ளையைக் கடலுக்குப் போகச் சொல், மனம் ஆறும். உன் இருமல் எப்படி இருக்கிறது?

மாசிலாமணி சுவாமி

நொச்சிக்குப்பம்
15-3-1932

அண்ணா,

கடலுக்கு யாரோடு போவது? சுவாமியார் வாசித்த பெயரைச் சுவாமியாரே எடுத்துவிட்டால், அவன் பெரிய பாவம் செய்தவன் என்றுதான் இந்தக் குப்பத்தில் அர்த்தம். அவனோடு ஒரே கட்டுமரத்தில் யாரும் ஏறமாட்டார்கள். இங்கே பிறந்த உங்களுக்குத் தெரியாதா? பத்து வருஷமாகக் கூட வலை இழுத்த சந்தியாகு, "கோச்சிக்காத லாசரு, எனுக்கும் புள்ளகுட்டி கீது" என்று சொல்லிவிட்டு வேறு மரத்தில் போனான். இவர் கரையிலேயே உட்கார்ந்திருக்கிறார். சாப்பிடுவதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த உத்தரவு போட்டவர் யார் என்று சொல்லுங்கள். நானே போய்க் காலில் விழுகிறேன்.

லூர்து

ஆதம்பாக்கம்
18-3-1932

லூர்து,

இரண்டு நாளாக எதிலும் மனம் ஒட்டவில்லை. உத்தரவு ஒன்றும் வரவில்லை. வந்துவிடுமோ என்று நானே பயந்து பெயரை அடித்தேன். அங்கி போட்ட பிறகு குப்பத்து வழக்கம் எனக்கு மறந்தே போயிற்று. வெட்கமாக இருக்கிறது. இந்தக் குருத்து ஞாயிறன்று எல்லோர் முன்பும் தப்பு என்னுடையது என்று சொல்லி, லாசர் பெயரை வாசிப்பேன். அவரை எப்படியாவது அழைத்து வா.

அண்ணன்

நொச்சிக்குப்பம்
19-3-1932

சுவாமியாருக்கு,

கடிதம் இன்று வந்தது. நேற்றுக் காலையிலேயே அவர் திரும்பவும் கள்ளுக்கடை மறியலுக்குப் போய்விட்டார். "கடலும் இல்ல, கோயிலும் இல்ல. காங்கிரசுக்காரங்கன்னா பக்கத்துல நிக்க வச்சிக்கினாங்க" என்றார். போலீஸ் பிடித்துப் போயிற்று. இன்று ஆறு மாதம் தண்டனை போட்டுவிட்டார்கள்.

நாளைக்குப் பெயரை வாசியுங்கள். குப்பம் கேட்கட்டும்.

போகும்போது அவர் உங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால், என் அண்ணன் என்று உங்களுக்காகப் பேசியிருப்பேன்.

லூர்துமேரி லாசர்