கருப்பியைப் பற்றி நான் சொன்னது

ஐப்பசி 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். பள்ளி இல்லை; அம்மாவின் எம்.ஆர்.ஐ. படத்தோடு திண்டுக்கல் ஆஸ்பத்திரி. அகரத்திலிருந்து பஸ். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அம்மா கம்பியை இறுக்கிப் பிடித்தாள். குனிந்து மல்லிகை பறித்ததில் வந்த முதுகுவலி என்று இத்தனை நாள் தைலம் தேய்த்தோம். விட்டுவிட்டு வந்த காய்ச்சலை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

படத்தில் இரண்டு முள்ளெலும்பும் நடுவிலுள்ள தட்டும் அரித்துப்போயிருக்கின்றன. கிருமி. முதுகெலும்பில்கூடவா!

டாக்டரம்மா: "எந்தக் கிருமின்னு தெரியாம மாத்திரை தர மாட்டேன். டிபியாவும் இருக்கலாம். ஆடு மாடு இருக்கா?"

அப்பா: "இவ ஒரு ஆடு வச்சிருக்கா. அம்புட்டுதேன்."

"குட்டி எதுவும் செத்துப் பிறந்துச்சா?"

"இல்ல," என்றாள் அம்மா.

பிறந்தது. அப்பா பூ மார்க்கெட் போயிருந்தபோது. வெறுங்கையால் இழுத்தெடுத்து, அவரிடம் சொல்லாமல் புதைத்தாள். பூக்கட்டிய காசில் அவளே வாங்கிய ஆடு. தெரிந்தால் கருப்பியை விற்றுவிடுவார் என்ற பயம்.

சொல்லிவிட்டேன்.

ரத்தம் எடுத்தார்கள். அதில் தெரியாவிட்டால் எலும்பிலிருந்தே ஊசியால் எடுப்பார்களாம். கால் மரத்துப்போனால் உடனே வரவேண்டும், ஆபரேஷன்.

செவ்வாய்

வெயில். அம்மா என்னிடம் பேசவில்லை. தட்டை மட்டும் நகர்த்தி வைத்தாள். கத்தரிக்காய் வெஞ்சனம், உப்பு கம்மி. நானே போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் பேனா மூடியால் அவள் உள்ளங்காலில் கோடு இழுத்தேன். முன்பெல்லாம் தொட்டாலே துள்ளுவாள். விரல்கூட அசையவில்லை. நடக்கிறாள், ஆனால் கூசவில்லை. மரத்துவிட்டதா? கோபமா?

கணக்கு வீட்டுப்பாடம் பாக்கி.

வெள்ளி

ரிசல்ட். ஆட்டிலிருந்து வரும் கிருமிதான், புருசெல்லா. (நோட்டில் எழுதித் தரச் சொன்னேன்.) கொஞ்ச நாள் ஊசி, மாதக்கணக்கில் மாத்திரை. "வலி போயிருச்சுன்னு பாதியில நிறுத்தக் கூடாது." இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம்.

கால் விஷயம் கேட்டேன். டாக்டரம்மா சுத்தியலால் தட்டி, உள்ளங்காலில் கீறிப் பார்த்தார். விரல்கள் சட்டென்று மடங்கின. "ரெண்டு காலும் நல்லாருக்கு."

அப்படியென்றால் அது கோபம்தான். அப்பாடா.

புதன்

மழை வரும்போல் புழுக்கம். கருப்பியின் ரத்தத்திலும் அதே ரிசல்ட். கால்நடை டாக்டர்: "வித்துறாதீங்க, வாங்குற வீட்டுக்கும் போகும். நாங்களே கொண்டு போறோம்." கையுறை போட்டு வண்டியில் ஏற்றினார்கள். அம்மா வாசலுக்கு வரவில்லை.

அப்பா: "முன்னாடியே ஒரு வார்த்த சொல்லிருந்தா நா என்ன விரட்டவா போறேன்?"

அம்மாவுக்கு மாத்திரை கொடுத்தேன், விழுங்கினாள். பேனா மூடியை எடுத்துக் காலடியில் உட்கார்ந்தேன். ஒரு கோடுதான். உதை என் தோளில் விழுந்தது.

"ஏண்டி, காட்டிக் குடுத்தவளே, அங்கிட்டுப் போடி, கூசுது!"